கூடாரத்துக்குள் ஒரு தட்பவெப்பம்: ஆக்லாந்துக் குளிரில் கறிவேப்பிலை

குளிர்நாடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் ஒரு தட்பவெப்பக் கருவியை ஏற்கெனவே இயக்கிப் பழகியவர்கள்தாம். ஜூலை மாத ஆக்லாந்தில் இட்லி மாவு தானாகப் பொங்காது. ஆகவே மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போகிறோம். அந்தச் சிறிய விளக்கின் சூடு மூடிய பெட்டிக்குள் தேங்கி, விடிவதற்குள் மாவைப் புளிக்க வைத்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்பது விளக்குக்குத் தெரியாது. அறை மேலும் குளிர்ந்தால் அது கூடுதலாக எரியப் போவதில்லை. மாவு பொங்கி வழிந்தாலும் அணையப் போவதில்லை. பொறியியலில் இதைத் திறந்த சுற்று என்பார்கள். உள்ளே நிலவும் சூட்டை ஓர் உணரி அளந்து, அந்த அளவைப் பார்த்து விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தால் அது மூடிய சுற்று. மாவுக்குத் திறந்த சுற்றே போதும், ஓர் இரவுக் கதைதானே. ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டிய ஒரு வெப்பமண்டலச் செடிக்கு அது போதாது. அப்படிப்பட்ட செடி ஒன்றுக்காக, வீட்டுக்குள் ஒரு துணிக்கூடாரமும் நாமே செய்துகொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடும் அமைப்பது எப்படி, அதில் எது எளிது, எது கடினம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

லின்ஃபீல்டின் காற்று

லின்ஃபீல்ட், ஆக்லாந்து நிலஇடுக்கின் தென்மேற்கில், மானுகாவ் துறைமுகத்தின் வடகரையில் உள்ள புறநகர். பக்கத்தில் பிளாக்ஹவுஸ் பே, ஹில்ஸ்பரோ, மவுண்ட் ராஸ்கில். தெற்காசியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. ஆக்லாந்தின் குளிர்காலத்தை ஐரோப்பாவில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்: ஜூலையில் பகலில் 14, 15 பாகை செல்சியஸ், இரவில் சராசரியாக 7, 8 பாகை. பனி பெய்வதில்லை. ஆனால் மழையும் ஈரமும் ஓய்வதில்லை. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. சென்னையில் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொரு மணி நேரத்தைத் தாண்டும்.

நியூசிலாந்தில் புது வீடுகளுக்கு வெப்பக் காப்பு கட்டாயமானது 1978-இல்தான். அதற்கு முன் கட்டிய மரச்சட்ட வீடுகள் இப்பகுதியில் ஏராளம். வாடகை வீட்டின் முதன்மைக் கூடத்தை 18 பாகை வரை சூடாக்கும் வசதி இருக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் ஆரோக்கிய வீட்டுத் தரவிதிகள் கூறுகின்றன. மனிதனுக்குச் சட்டம் உறுதிசெய்வது 18 பாகை. கறிவேப்பிலைக்கோ அது உயிர் பிழைக்கப் போதும், துளிர்க்கப் போதாது. ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழே போனால் அது வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. தொடர்ந்து குளிர்ந்தால் இலைகளை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கிறது. தொட்டி மண் குளிர்ந்து ஈரமாகவே கிடந்தால் வேர் அழுகுகிறது. வசந்தத்தில் குச்சியைக் கீறிப் பார்த்து, உள்ளே பச்சை இருக்கிறதா என்று தேடுவது இங்குள்ள வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு வழக்கமான வேலை.

செடி செத்தால் ஊரிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவர முடியாது. 1993-ஆம் ஆண்டின் உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. பையில் இருக்கும் விதையையோ கன்றையோ அறிவிக்காமல் விமான நிலையத்தைக் கடக்க முயன்றால் அங்கேயே 400 டாலர் அபராதம் விதிக்கலாம். இதில் நியாயம் இருக்கிறது. எலுமிச்சை இனத்தின் கொடிய நோயான பச்சையாதல் நோயைப் பரப்பும் ஆசியச் செடிப்பேனுக்குக் கறிவேப்பிலை விருப்பமான உறைவிடம். ஆகவே இந்த நாட்டுக்குள் இருக்கும் செடிகளிலிருந்துதான் அடுத்த செடி வர வேண்டும். நாற்றுப்பண்ணைகளில் விற்கிறார்கள் என்றாலும், வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பெயர்த்துக் கைமாற்றிக்கொள்வதே தமிழ் வீடுகளின் வழி. ஒரு தாய்ச்செடியைக் குளிர்காலத்தில் காப்பாற்றுவதற்கு அதனால் கூடுதல் பொருள் உண்டு.

வெப்பநாட்டுப் பயிரை இங்கே காப்பாற்ற முனைந்தவர்களில் நாம் முதல்வர்கள் இல்லை. லின்ஃபீல்டிலிருந்து மானுகாவ் நீர்ப்பரப்பைக் கடந்தால் மறுகரையில் மாங்கெரே. அங்கே ஒட்டுவாடவுவா கல்வயல்கள் இருக்கின்றன. வெப்பமண்டலப் பாலினீசியாவிலிருந்து கூமரா எனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கோடு வந்த மவோரி மக்கள், எரிமலைக் கற்களைக் கொண்டு அங்கே பாத்தி அமைத்தார்கள். கருங்கற்கள் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தன. அறுவடையையும் விதைக்கிழங்கையும் தரைக்கடியில் குழிகளில், சூடும் ஈரமும் ஓரளவு மாறாதபடி பாதுகாத்தார்கள். கம்பியும் மின்சாரமும் இல்லாத தட்பவெப்பக் கட்டுப்பாடு அது.

பெட்டியும் கட்டுப்பாடும்

நம் பக்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. தமிழகத்தின் வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தியை முதலில் நட்டு, அதன் நிழலிலும் தண்டிலும் கொடியை ஏற்றுகிறார்கள். இடையே வாய்க்காலில் நீர் நிற்கிறது. வங்காளத்திலும் ஒடிசாவிலும் ஒரு படி மேலே போய், மூங்கிலும் வைக்கோலும் நாணலும் கொண்டு நாற்புறமும் கூரையும் வேய்ந்த ‘பரோஜ்’ எனும் கூடத்துக்குள் வெற்றிலையை வளர்க்கிறார்கள். வெயில் வடிகட்டப்படுகிறது, காற்று தணிகிறது, ஈரம் தங்குகிறது. இன்றைய வளர்ப்புக் கூடாரத்தின் மூத்த உறவினர் இதுவே எனலாம்.

ஐரோப்பாவில் இதே எண்ணம் தற்செயலாகத் தோன்றியது. 1829-ஆம் ஆண்டுவாக்கில் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, ஓர் அந்துப்பூச்சிக் கூட்டை மண்ணோடு கண்ணாடிப் புட்டிக்குள் அடைத்து வைத்தார். மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. லண்டன் புகையில் வளராத பெரணி உள்ளே முளைத்தது. 1833-இல் இத்தகைய பெட்டிகளில் செடிகள் சிட்னிவரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. தேயிலை சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்ததும் வார்டு பெட்டிகளில்தான்.

ஆனால் பெட்டி வேறு, கட்டுப்பாடு வேறு. 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம், கொயினா தரும் சிங்கோனாக் கன்றுகளைப் பெரு நாட்டிலிருந்து எடுத்து வந்து வார்டு பெட்டிகளில் உதகமண்டலத்துக்குக் கொண்டு சேர்த்தார். செங்கடல் வெப்பத்தில் மூடிய கண்ணாடிப் பெட்டிகள் கொதிக்க, அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. நீலகிரியில் சிங்கோனா வேரூன்றியது பின்னால் வந்த விதைகளாலும் கன்றுகளாலும்தான். ஈரத்தைக் காத்த பெட்டிக்கு, சூடு ஏறியபோது தன் மூடியைத் திறந்துகொள்ளத் தெரியவில்லை.

தானே திறந்துகொள்ளும் மூடி அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே உருவாகியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சுக்காரர் கொர்னேலிஸ் ட்ரெபெல், கோழிமுட்டை பொரிக்கும் அடுப்பொன்றைச் செய்தார். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு நெம்புகோலைத் தூக்கும். நெம்புகோல் அடுப்பின் காற்றுவாயிலைக் குறைக்கும். சூடு தணிந்தால் எல்லாம் பின்னோக்கி நடக்கும். அளவி, தீர்மானம், செயல் என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. நாம் செய்யப் போவதும் இந்த மூன்றைத்தான்.

இரண்டையும் பெரிய அளவில் இணைத்தவர் ஃபிரிட்ஸ் வென்ட். 1949-இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் அவர் நிறுவிய ‘ஃபைட்டோட்ரான்’ என்ற ஆய்வுக்கூடத்தில் சூடு, ஒளி, ஈரம் ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றிச் செடியின் பதிலைக் கவனித்தார்கள். இரவு பகலைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும்போதே தக்காளி நன்றாக வளர்கிறது என்று அவர் அதற்கு முன்பே காட்டியிருந்தார். நியூசிலாந்திலும் பால்மர்ஸ்டன் நார்த்தில் அரசின் அறிவியல் துறை இத்தகைய தட்பவெப்ப ஆய்வகம் ஒன்றை 1970-களில் நடத்தியது. அன்று அரசுகளால் மட்டுமே முடிந்த ஒன்றைச் சிறிய அளவில் வீட்டில் செய்ய முடிவதற்குக் காரணம் மலிவான நுண்கட்டுப்படுத்திகள். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில் பிறந்த அர்டுயினோ, 2014-இல் சந்தைக்கு வந்த ஈஎஸ்பி8266, அதன் தம்பி ஈஎஸ்பி32 ஆகியவை ஒரு வேளை உணவின் விலைக்குள் அடங்குகின்றன.

கூடாரத்தின் கணக்கு

கடைகளில் கிடைக்கும் சிறிய கூடாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 160 செ.மீ. உயரம். இரும்புக் குழாய்ச் சட்டம், உள்ளே வெள்ளிபோல் ஒளியைத் திருப்பும் பூச்சுள்ள துணி, காற்றுக் குழாய்களுக்கான வட்டத் துளைகள். (இக்கூடாரங்களைக் கஞ்சா வளர்ப்போடு சேர்த்துப் பேசுவது இங்கு வழக்கம். அதைச் சட்டப்பூர்வமாக்கும் யோசனை 2020-ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் சிறு வித்தியாசத்தில் தோற்றது. கராஜில் ஊதா வெளிச்சம் தெரிந்தால் அண்டை வீட்டார் ஐயப்படலாம். ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்து விளக்கிவிடுவது நல்லது.)

இதன் கொள்ளளவு 0.58 கன மீட்டர். இந்த ஓர் எண்ணிலிருந்து பல செய்திகள் கிடைக்கின்றன. 25 பாகையில், 60 சதவீத ஈரப்பதத்தில், கூடாரக் காற்று முழுவதிலும் உள்ள நீராவி சுமார் 8 கிராம். ஒரு மேசைக்கரண்டி நீரில் பாதி. உள்ளே இருக்கும் கரியமில வாயு அரை கிராமுக்கும் குறைவு. செடி அதைத் தின்று தீர்க்க நேரமாகாது, ஆகவே காற்று மாறியே தீர வேண்டும். ஆனால் மணிக்கு 100 கன மீட்டர் இழுக்கும் சாதாரண வெளியேற்று விசிறியைப் போட்டாலோ உள்காற்று முழுவதும் 21 விநாடிக்கு ஒருமுறை மாறிவிடும். வெளியே 10 பாகை, உள்ளே 25 பாகை வேண்டும் என்றால், அந்தக் காற்றைச் சூடாக்க மட்டும் ஏறக்குறைய 500 வாட் ஓயாமல் செலவாகும். விசிறியின் வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 50 வாட் போதும்.

முதல் பாடம் இதுதான்: சூடேற்றியை வாங்குவதற்கு முன் விசிறியை அடக்க வேண்டும். வேகத்தை மாற்றக்கூடிய 12 வோல்ட் விசிறியே சிறந்தது. காற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே சுழற்ற இன்னொரு சின்ன விசிறி தனியாக இருக்கட்டும்.

இரண்டாவது பாடம் விளக்கைப் பற்றியது. 100 வாட் எல்ஈடி விளக்கின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் கூடாரத்துக்குள் சூடாகவே முடிகிறது. அதைப் பகலில் எரித்தால் அறை ஏற்கெனவே ஓரளவு சூடாக இருக்கும் நேரத்தில் மேலும் சூடு சேர்க்கிறோம். மாலை ஆறு மணிக்கு ஏற்றிக் காலை எட்டு மணிக்கு அணைத்தால் விளக்கின் சூடு குளிர் மிகுந்த நேரத்துக்குப் பயன்படுகிறது. செடிக்கு இரவு பகலாகவும் பகல் இரவாகவும் மாறும். கறிவேப்பிலை அதைப் பொருட்படுத்துவதில்லை.

காற்றின் தாகம்

சூட்டைக் கட்டுப்படுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. ஆக்லாந்துக் குளிர்காலக் காற்றை ஈரக்காற்று என்கிறோம்: 10 பாகை, 85 சதவீத ஈரப்பதம். அதே காற்றைக் கூடாரத்துக்குள் இழுத்து 25 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 33 சதவீதமாக விழுகிறது. நீர் எங்கும் போகவில்லை. சூடான காற்றின் கொள்ளும் திறன் பெருகிவிட்டது. சுவர் பூஞ்சணம் பிடிக்கும் வீட்டில் கூடாரத்துக்குள் மட்டும் இலை நுனி கருகுவது இதனால்தான்.

ஆகவே ஈரப்பதச் சதவீதத்தை விட்டுவிட்டு, நீராவி அழுத்தப் பற்றாக்குறை என்ற அளவைப் பார்க்க வேண்டும். காற்று அந்தச் சூட்டில் கொள்ளக்கூடிய நீராவியின் அழுத்தத்திலிருந்து, இப்போது அதில் இருக்கும் நீராவியின் அழுத்தத்தைக் கழித்தால் வருவது. இதைக் காற்றின் தாகம் என்று சொல்லலாம். அதன் அலகு கிலோபாஸ்கல். சில கணக்குகள்:

ஆக்லாந்து வெளிக்காற்று, 10 பாகை, 85 சதவீதம்: 0.18
அதே காற்று 25 பாகைக்குச் சூடான பின்: 2.1
சென்னைக் காற்று, 30 பாகை, 75 சதவீதம்: 1.06
கூடாரத்தின் பகல், 26 பாகை, 60 சதவீதம்: 1.34
கூடாரத்தின் இரவு, 18 பாகை, 70 சதவீதம்: 0.62

தாகம் மிகக் குறைந்தால் இலையிலிருந்து நீர் ஆவியாவதில்லை, வேர் உறிஞ்சுவதில்லை, பூஞ்சை வருகிறது. மிக அதிகமானால் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, வளர்ச்சி நிற்கிறது, சூடான வறண்ட காற்றை விரும்பும் சிலந்திப்பேன் குடியேறுகிறது. பகலில் 0.8 முதல் 1.3 வரை இருந்தால் பெரும்பாலான இலைச்செடிகளுக்கு நல்லது. பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும்: வியர்வை வழிய நாம் குறை சொன்ன சென்னைக் காற்று, செடியின் கணக்கில் நடுவாந்திரமான, இதமான காற்று.

இனி ஈரமூட்டி வைக்கலாம் என்றால் அதற்கும் கணக்கு உண்டு. மணிக்கு 100 கன மீட்டர் காற்று ஓடும் கூடாரத்தை 25 பாகை, 60 சதவீதத்தில் நிறுத்த, மணிக்கு அரை லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக்க வேண்டும். ஈரத்தை ஊட்டினால் குளிர்ந்த துணிச்சுவரில் அது படியும்: 25 பாகை, 70 சதவீதக் காற்று 19 பாகையிலேயே பனித்துளியாகத் தொடங்கிவிடும். படிந்த ஈரத்தைப் போக்க விசிறி, விசிறியால் குளிர், குளிருக்குச் சூடேற்றி, சூட்டால் வறட்சி, வறட்சிக்கு ஈரமூட்டி. நான்கு கருவிகளுக்கும் நான்கு தனித்தனி ஆளிகளை வாங்கி மாட்டினால், அவை செக்குமாடுபோல ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மின்கட்டணத்தை ஏற்றும். நான்கையும் ஒரே மூளை பார்த்து முடிவெடுக்க வேண்டும். வீட்டில் செய்துகொள்ளும் மின்னணுவுக்கு இருக்கும் நியாயமும் அதுவே.

உணரிகள்

மூளை நம்புவது உணரியைத்தான். டிஹெச்டி22 மலிவானது, சூட்டில் அரைப் பாகை, ஈரப்பதத்தில் 2 முதல் 5 சதவீதம்வரை பிழை இருக்கலாம். நெடுநாள் ஈரத்தில் கிடந்தால் அளவு நகர்ந்துவிடும். சற்றுக் கூடுதல் விலையில் எஸ்ஹெச்டி31 நம்பகமானது. தொட்டி மண்ணுக்கு, எஃகு உறைக்குள் அடைத்த டிஎஸ்18பி20 போதும்.

உணரியைச் சரிபார்க்க ஆய்வகம் வேண்டாம். சமையல் உப்பை ஒரு சின்ன மூடியில் எடுத்து, கரையாமல் ஈரக்களியாகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, உணரியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் பல மணி நேரம் வையுங்கள். அறை வெப்பத்தில் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உணரி 79 என்று சொன்னால், அந்த வித்தியாசத்தை நிரலில் கழித்துக்கொள்ளலாம். எஃகு உணரியை உருகும் பனிக்கட்டி நீரில் நட்டால் பூச்சியம் காட்ட வேண்டும்.

உணரி எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். விளக்கின் ஒளி நேரே பட்டால் அது காற்றின் சூட்டை அளக்காமல் தன் உடம்பின் சூட்டை அளக்கும். வானிலை நிலையங்களில் வெப்பமானியை வைக்கும் வெள்ளைச் சட்டப் பெட்டி இந்தச் சிக்கலுக்காகவே உருவானது. அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர். ‘புதையல் தீவு’ எழுதி, 1894-இல் சமோவாவில் மறைந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. நமக்கு இரண்டு மூன்று வெள்ளைத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, இலைகளின் உயரத்தில் தொங்கவிட்டால் போதும்.

மூளையின் விதிகள்

நிரலின் இதயம் நீளமானதன்று. பத்து விநாடிக்கு ஒருமுறை உணரிகளைப் படித்து, கீழ்க்கண்ட விதிகளை இதே வரிசையில் பார்க்க வேண்டும். மேலே உள்ள விதி பொருந்திவிட்டால் கீழே உள்ளது அதை மீறக் கூடாது.

1. எந்த உணரியாவது 35 பாகையைத் தாண்டினால் விளக்கும் சூடேற்றியும் அணையட்டும்; விசிறி முழு வேகத்தில் ஓடட்டும்.
2. உணரி பதில் தராவிட்டாலும், ஒரே எண்ணை வெகுநேரம் அசையாமல் சொன்னாலும், சூடேற்றியும் ஈரமூட்டியும் அணையட்டும்.
3. பனித்துளி படியும் வெப்பநிலை, கூடாரச் சுவரின் வெப்பநிலைக்கு 2 பாகை நெருக்கத்தில் வந்தால் ஈரமூட்டி நிற்கட்டும். விசிறி சற்றே வேகமாகட்டும்.
4. விளக்கு எரியும் நேரத்தில் இலக்கு 25 பாகை, அணைந்த நேரத்தில் 18. இலக்குக்கு ஒரு பாகை கீழே போனால் சூடேற்றி எரியட்டும்; இலக்கைத் தொட்டால் அணையட்டும்.
5. பகலில் காற்றின் தாகம் 1.4-ஐத் தாண்டினால், முதலில் விசிறியைக் குறைக்கட்டும். அதன் பிறகும் குறையாவிட்டால் மட்டும் ஈரமூட்டி.
6. எதுவும் தேவைப்படாவிட்டாலும் கால் மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் விசிறி ஓடட்டும்.

நான்காம் விதியில் உள்ள ஒரு பாகை இடைவெளி அவசியம். 25-க்குக் கீழே எரி, மேலே அணை என்று மட்டும் எழுதினால், இலக்கின் ஓரத்தில் ரிலே நொடிக்கு நொடி தட்டிக்கொண்டே இருந்து விரைவில் தேயும். மண்ணுக்குத் தனி ஏற்பாடு: தொட்டிக்கடியில் 20 வாட் அளவிலான வெப்பப்பாய், இலக்கு 20 பாகை. வேர் சூடாக இருந்தால் காற்று சற்றுக் குளிர்ந்திருப்பதைச் செடி பொறுத்துக்கொள்ளும். இந்தப் பாய் ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்ப்பதையும் காணலாம்.

பழுதாகும்போது

துணிக்கூடாரத்துக்குள் சூடேற்றியை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. ரிலேயின் தொடுமுனைகள் சில வேளை உருகி ஒட்டிக்கொள்ளும். நிரல் ‘அணை’ என்று எத்தனை முறை சொன்னாலும் சூடேற்றி எரியும். நுண்கட்டுப்படுத்தி உறைந்து போகலாம். கம்பியில்லா வலை அறுந்தால் கட்டளை போய்ச் சேராது. எல்லாம் சரியாக இருக்கும் நாளை வைத்து ஒரு கட்டுப்பாட்டை மதிப்பிட முடியாது. ஒன்று கெட்டால் மற்றவை என்ன செய்கின்றன என்பதே அதன் தரம்.

நான்கு ஏற்பாடுகளைச் சொல்லலாம். முதலாவது, 230 வோல்ட் மின்சாரத்தைக் கையால் இணைக்காதீர்கள். சான்றளிக்கப்பட்ட செருகுவகைத் திறன்ஆளிகளை வாங்கி, உங்கள் கருவி அவற்றுக்குக் கட்டளை மட்டும் அனுப்பட்டும். இரண்டாவது, சூடேற்றியின் ஆளி, பத்து நிமிடத்துக்குள் மறுகட்டளை வராவிட்டால் தானே அணையும்படி அமைக்கப்பட வேண்டும். மூளை செத்தால் சூடும் நிற்கும். மூன்றாவது, அந்த ஆளிக்கும் சூடேற்றிக்கும் நடுவே நிரல் எதுவும் இல்லாத ஒரு செருகுவகைத் தெர்மோஸ்டாட் இருக்கட்டும், 32 பாகையில் துண்டிக்கும்படி. நான்காவது, ஈரமும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடமாதலால், மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் பாதுகாப்பு ஆளி வழியாகவே எல்லாம் இணையட்டும். விசிறியுள்ள காற்றுச்சூடேற்றியைத் தவிர்த்து, குழாய் வடிவத்தில் மெதுவாகச் சூடாகும் 60 வாட் அளவிலான பசுமைக்குடில் சூடேற்றியைப் பயன்படுத்துவது நல்லது.

இன்னோர் ஆபத்து மெதுவானது. செடிக்கு ஊற்றும் நீரில் மிகப் பெரும்பகுதி இலைவழியே காற்றுக்குத்தான் போகிறது. ஒரு லிட்டர் ஊற்றினால், ஏறக்குறைய ஒரு லிட்டர் நீராவி வீட்டுக்குள் வருகிறது. பூஞ்சணமும் ஆஸ்துமாவும் ஏற்கெனவே பெரிய பிரச்சினையாக இருக்கும் நாட்டில், குழந்தைகள் தூங்கும் அறையில் கூடாரத்தை வைப்பது நல்ல யோசனை இல்லை. விசிறியின் குழாயைச் சன்னல் வழியே வெளியே விட வேண்டும், அல்லது கூடாரத்தைக் கராஜில் வைக்க வேண்டும்.

செலவையும் சொல்லிவிடலாம். 100 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 1.4 அலகு; மாதம் 42 அலகு. பாயும் சூடேற்றியும் சேர்ந்தால் இன்னும் கூடும். இலை விலையோடு ஒப்பிட்டால் இதில் லாபம் இல்லை. கடையில் வாங்குவதே மலிவு.

முதற்பொருள்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மரமும் பறவையும் உணவும் கருப்பொருள். முதற்பொருள் அமைந்தால்தான் கருப்பொருள் அங்கே வாழும். புலம்பெயர்ந்தவர்கள் பெரும்பாலும் கருப்பொருளைத்தான் சுமந்து வருகிறோம்: விதை, உணவு, இசை, தெய்வம். அவற்றுக்கு அடியில் இருந்த நிலத்தையும் பொழுதையும் நாம் கவனித்ததே இல்லை, அவை இலவசமாகக் கிடைத்ததால். ஊரில் கொல்லைப்புறத்தில் கழுவுநீர் பாயும் இடத்தில் தானாக வளர்ந்த ஒரு செடிக்காக, வெயிலையும் வைகறையையும் காற்றின் ஈரத்தையும் எண்களாக எழுதி நிரலில் இட வேண்டி வரும்போதுதான், அங்கே என்னவெல்லாம் நமக்குத் தெரியாமலேயே நடந்துகொண்டிருந்தது என்று தெரிகிறது. அந்த அறிவுக்கான கட்டணம் என்று மாதம் 42 அலகைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

நவம்பரில் வெளியே இரவு வெப்பம் 12, 13 பாகைக்குக் கீழே போகாமல் நிற்கத் தொடங்கியதும் செடியை வெளியேற்றலாம். ஒரே நாளில் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். நியூசிலாந்து வெயிலின் புறஊதாக் கதிர் கடுமையானது. முதல் மூன்று நாள் நிழலில், அடுத்த மூன்று நாள் காலை வெயிலில் மட்டும், பத்தாம் நாளில் முழு வெயிலில் என்று பழக்க வேண்டும். அப்போது வேரடியில் பக்கக்கன்று கிளம்பியிருந்தால், கோடைக்குள் அதைப் பெயர்த்துத் தனித்தொட்டியில் நட்டு வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. ஒரு கூடாரத்தின் கருவி எப்போதாவது கெட்டுப்போனாலும், செடி இரண்டு வீடுகளில் இருக்கும்.